பிளாக் சப்பாத்: பிரஸ்ஸில் வெட்டுண்ட விரல்களிலிருந்துதானா ஹெவி மெட்டல் பிறந்தது?

டூல்ரூம்காரன், ஓசூர்:

அனைவருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில், இருசக்கர வாகனங்களுக்கான தகட்டு உதிரிபாகங்களை அடித்துக் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பின் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். தகட்டை வெட்டி வடிவமாக்கும் டைகளின் (அச்சுகளின்) பராமரிப்பு என் பொறுப்பு. ஷிஃப்ட் முடிந்த நேரங்களில் கிதார் பழகி வருகிறேன்.

எங்கள் ஆலையில் நடந்த பாதுகாப்பு வாரக் கூட்டத்தில் பேச வந்த ஒருவர், பிளாக் சப்பாத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி இளம் வயதில் பிரஸ்ஸில் விரல்நுனிகளை இழந்தார், அதனால் கிதார் தந்திகளைத் தளர்த்திக்கொண்டார், அதனால் ஹெவி மெட்டல் என்னும் இசையே பிறந்தது என்று மூன்றே வரியில் சொல்லி முடித்தார். அரங்கம் கைதட்டியது. விரல் போன மனிதர்களை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் எனக்கு அந்தக் கதை அவ்வளவு எளிதாகச் செரிக்கவில்லை. விரல் போனால் முதலில் வேலை போகும், பிறகு பிடி போகும். புதிய இசை எங்கிருந்து வரும்?

ஆகவே விவரம் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். உண்மையில் அந்த விபத்து எப்படி நடந்தது? தந்திகளைத் தளர்த்தியது விபத்து நடந்த உடனேயா, பிற்பாடா? குழுவின் மற்ற மூவருக்கும் அந்த ஓசையில் பங்கு உண்டா, அல்லது எல்லாம் அயோமியின் கைவண்ணம்தானா? 1970-க்கு முன்னும் பின்னுமான வரலாற்றைச் சற்று விரிவாகவே எழுதலாம். படிக்க எனக்குப் பொறுமை உண்டு.

பழைய கேசட், தருமபுரி:

தம்பி, கேள்வியைச் சரியான இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். நான் பெங்களூரிலிருந்து வரும் கேசட்டுகளைத் தருமபுரியில் காத்திருந்து வாங்கிக் கேட்ட தலைமுறையைச் சேர்ந்தவன். இந்தக் குழுவின் கதையை அப்போதிருந்தே பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

முதலில் ஊரைச் சொல்ல வேண்டும். நால்வரும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஆஸ்டன் என்னும் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வளர்ந்தவர்கள். போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான பகுதி அது. இடிபாடுகளின் நடுவே விளையாடிய பிள்ளைகள் அவர்கள். பள்ளி முடிந்தால் ஆலை என்பதே அங்கே எழுதப்படாத விதி. பாடகர் ஓசி ஆஸ்போர்னின் தந்தை ஜி.இ.சி. ஆலையில் இரவு ஷிஃப்ட்டில் கருவி செய்யும் தொழிலாளி, அதாவது உங்கள் தொழில்தான். தாயார் லூகாஸ் ஆலையில் வேலை பார்த்தார். ஓசியும் அங்கே கார் ஹாரன்களைச் சுருதி பார்க்கும் வேலையில் சில காலம் இருந்தார், பிறகு ஆடுமாடு வெட்டும் கூடத்தில் இருந்தார், கடைசியில் திருட்டு வழக்கில் சிக்கிச் சிறிது காலம் சிறையிலும் இருந்தார். பேஸ் கிதார் கலைஞர் கீசர் பட்லர் கணக்கு எழுதப் பயின்றவர். பின்னாளில் நால்வர் கழுத்திலும் தொங்கி, இவர்கள் சாத்தானை வழிபடுகிறவர்களா என்று உலகத்தைக் கேட்கவைத்த சிலுவைகளை முதலில் உலோகத்தில் செய்து கொடுத்தவர் ஓசியின் தந்தைதான். மேலை நாடுகளில் மாதக்கணக்கில் விவாதித்த மர்மத்தின் மூலம் ஒரு டூல் ரூம் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

இனி விபத்து. அயோமி 1948-இல் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 17. தகட்டு ஆலையில் வெல்டிங் வேலை. ஜெர்மனிக்குப் பயணம் போகவிருந்த ஒரு குழுவில் இடம் கிடைத்துவிட்டதால் வேலையிலிருந்து விலகிக்கொண்டார். விபத்து நடந்தது அவருடைய கடைசி வேலை நாளில். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருந்தார். எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று தாயார்தான் அனுப்பிவைத்தார். வழக்கமாகத் தகட்டை அழுத்திக் கொடுக்கும் ஆள் அன்று வரவில்லை. வெல்டரான இவரையே அந்த இயந்திரத்தில் நிறுத்தினார்கள். பழக்கமில்லாத இயந்திரம். அது இறங்கி வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளின் மேல் விழுந்தது. அதிர்ச்சியில் கையை வெடுக்கென்று இழுத்தபோது நுனிகள் அங்கேயே தங்கிவிட்டன. வேலை முறையில் இதற்கு என்ன பெயர் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: ஆள் இல்லாத இடத்தில் பழகாத ஆளை நிறுத்துவது.

வலக்கைதானே என்று வெளியார் நினைக்கலாம். அயோமி இடக்கைப் பழக்கம் உள்ளவர். இடக்கையால் மீட்டி, வலக்கையால் தந்திகளை அழுத்துகிறவர். ஆகவே போனவை சுரம் பிடிக்கும் விரல்கள். இனிக் கிதாரை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மனம் உடைந்து கிடந்தவரைப் பார்க்க வந்த ஆலை மேலாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் கேட்கச் செய்தார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் தம் வண்டிவீட்டில் ஏற்பட்ட தீவிபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் பயனற்றுப் போன பிறகும் ஜாஸ் கிதாரின் பெருங்கலைஞராக விளங்கியவர்.

அதன் பிறகு அயோமி செய்தது சுத்தமான பட்டறைக்காரன் வேலை. பாத்திரம் கழுவும் திரவம் வரும் ஃபேரி லிக்விட் புட்டியின் பிளாஸ்டிக்கை உருக்கி உருண்டையாக்கி, சூடான சால்டரிங் கம்பியால் குடைந்து, விரலில் பொருந்தும்வரை தேய்த்து உறைகள் செய்தார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியதால், பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை அதன் மேல் ஒட்டி, பிடிப்பு வரும்வரை பளபளப்பாகத் தேய்த்தார். உறைக்குள் இருக்கும் விரலுக்குத் தந்தி எங்கே இருக்கிறது என்று தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் அளக்க வேண்டும். தடித்த தந்திகள் வலித்ததால், பாஞ்சோவுக்கான மெல்லிய தந்திகளைக் கிதாரில் கட்டிப் பார்த்தார். மெல்லிய தந்திக் கட்டுகள் கடையில் சாதாரணமாகக் கிடைக்காத காலம் அது.

குழு அமைந்தது 1968-இல். அயோமியும் தாளக் கலைஞர் பில் வார்டும் மித்தாலஜி என்ற குழுவில் இருந்து, அது கலைந்தபின் பாடகரைத் தேடினார்கள். இசைக்கருவிக் கடை ஒன்றில், "ஓசி ஜிக்குக் குழு தேவை, சொந்தமாக ஒலிபெருக்கி உண்டு" என்ற பொருளில் ஓர் அறிவிப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. நம் ஊர்க் கச்சேரிக் குழுக்களில் சொந்த மைக் செட் வைத்திருப்பவருக்கு உள்ள மதிப்பு அங்கும் உண்டு போலும். போய்ப் பார்த்தால், பள்ளியில் தமக்குக் கீழ் வகுப்பில் படித்த அதே பையன். அயோமிக்கு அவனைப் பிடிக்கவே பிடிக்காது. இருந்தும் ஓசியும் அவருடன் இருந்த கீசரும் சேர்ந்தார்கள். போல்கா டல்க் என்று தொடங்கி, எர்த் என்று பெயர் மாற்றி, ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

1968 டிசம்பரில் அயோமி சில வாரங்கள் ஜெத்ரோ டல் குழுவில் சேர்ந்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் கற்றது இசையை விடவும் ஒழுங்கு. நேரத்துக்கு வந்து வேலையைத் தொடங்குவது எப்படி என்று அங்கே பார்த்தவர், திரும்பியதும் தம் நண்பர்களைக் காலை ஒன்பது மணிக்கே பயிற்சிக்கு வரச்செய்தார். ஆலையிலிருந்து தப்பி வந்தவர்களை மறுபடியும் ஜெனரல் ஷிஃப்ட்டில் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் என்ற பெயரில் இன்னொரு குழுவும் இருந்ததால் 1969-இல் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. பயிற்சி இடத்துக்கு எதிர்த் திரையரங்கில் ஓடிய திகில் படத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்: பிளாக் சப்பாத். காசு கொடுத்துப் பயப்பட இவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்களே என்ற வியப்பிலிருந்து, பயமுறுத்தும் இசையை நாமே செய்தால் என்ன என்ற எண்ணம் வந்தது.

முதல் இசைத்தட்டை 1969 அக்டோபரில், லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டுடியோவில் ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள். அது 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். மக்கள் வாங்கினார்கள், பிரிட்டனில் எட்டாம் இடம் வரை போயிற்று. தந்தி தளர்த்திய கேள்விக்கு என்னை விடத் தகுதியான ஒருவர் இந்த மன்றத்தில் இருக்கிறார், அவர் வரட்டும்.

ஆறாம் தந்தி, கிருஷ்ணகிரி:

அண்ணன் என்னைத்தான் குறிப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். கிருஷ்ணகிரியில் பிள்ளைகளுக்குக் கிதார் சொல்லிக் கொடுக்கிறேன். மேடைப் பேச்சாளரின் மூன்று வரிக் கதையை என் மாணவர்களும் அடிக்கடி கொண்டுவருவார்கள்.

அந்தக் கதையின் கால வரிசையே தவறு. விபத்து நடந்தது 1960-களின் நடுவில். முதல் இசைத்தட்டு 1970 தொடக்கத்தில். அதே ஆண்டு செப்டம்பரில் 'பாரனாய்ட்'. இந்த இரண்டு இசைத்தட்டுகளிலும் கிதார் பெரும்பாலும் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. தந்திகளை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கியது 1971-இல் வெளிவந்த மூன்றாம் இசைத்தட்டான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில். அதிலும் எல்லாப் பாடல்களிலும் இல்லை, 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்', 'இன்டு தி வாய்ட்' போன்றவற்றில். ஹெவி மெட்டலின் தொடக்கம் என்று எல்லோரும் கைகாட்டும் பாடல்கள் ஏற்கெனவே வெளிவந்து, இங்கிலாந்தில் முதலிடத்தையும் பிடித்த பிறகுதான் தந்தி தளர்ந்தது. தளர்த்தியதில் விரல்களுக்குச் சுகம் கிடைத்தது உண்மை. ஓசை இன்னும் பெரிதாகும் என்பதும் அதே அளவுக்குக் காரணம்.

அப்படியானால் முதல் இசைத்தட்டின் கனம் எங்கிருந்து வந்தது? குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மழை, மணியோசை, பிறகு மூன்றே சுரங்கள். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொல்வதானால்: சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். அவ்வளவுதான். கல்யாணியில் நாம் அன்றாடம் கேட்டு மகிழும் அதே பிரதி மத்தியமம். அங்கே ரிஷபமும் காந்தாரமும் அதைக் கைப்பிடித்து அழைத்து வந்து பஞ்சமத்தில் ஒப்படைக்கின்றன. இங்கே பஞ்சமமும் இல்லை, காந்தாரமும் இல்லை; சட்ஜத்துக்கு எதிரே அது தனியாக நின்று நடுங்குகிறது, போய்ச் சேர இடமில்லாமல். ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் செவ்வாய்க் கிரகத்தைப் பற்றிய இசைப்பகுதியைக் கீசர் பேஸில் வாசித்துக்கொண்டிருந்ததும், அதிலிருந்து அயோமிக்கு இந்தச் சுரக்கோவை பிறந்ததும் அவர்களே சொன்ன செய்தி. இதில் விரலுக்கு என்ன வேலை? காதுக்குத்தான் வேலை.

விரலின் பங்கை நான் மறுக்கவில்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு விரல்களும் விரிந்து பிடிக்க வேண்டிய முழுக் கார்டுகள், அதாவது பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் பிடிகள், அயோமிக்குச் சிரமம். ஆகவே அவர் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொண்டு, சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் உள்ள இரண்டு மூன்று தந்திப் பிடிகளுக்கு வந்தார். காந்தாரம் இல்லாத பிடி மகிழ்ச்சியும் காட்டாது, சோகமும் காட்டாது. ஆம்பிளிஃபயரின் ஒலியைக் கூட்டி உடைத்தால், நிறைய சுரங்கள் உள்ள கார்டு சேறாகக் கலங்கிவிடும். இந்த வெறும் பிடி மட்டும் கலங்காமல் சுவர்போல் எழும். இந்தப் பிடி அவருக்கு முன்பே ராக் இசையில் இருந்தது. மற்றவர்களுக்குப் பல வழிகளில் ஒன்றாக இருந்ததை இவர் தம் ராஜபாட்டையாக ஆக்கிக்கொண்டார் என்பதே சரி.

குழுவின் மற்றவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கீசர் பட்லர் முதலில் ரிதம் கிதார் வாசித்தவர். ஒரே குழுவில் இரண்டு கிதார் வேண்டாம் என்று பேஸுக்கு மாறியவர். அதனால் பேஸை அடித்தளமாக மட்டும் வைக்காமல், அயோமி வாசிக்கும் அதே கோவையை ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்து வாசித்தார், அவர் தந்தியை வளைத்தால் இவரும் வளைத்தார். கேட்பவருக்கு அது ஒரே ராட்சதக் கருவியாகக் கேட்கிறது. வரிகளில் பெரும்பாலானவையும் அவர் எழுதியவையே. 'வார் பிக்ஸ்' வியட்நாம் போர்க் காலத்தில், ஏழைப் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒதுங்கிக்கொள்ளும் பெரியவர்களைச் சாடுகிறது. இரண்டாம் இசைத்தட்டுக்கு அந்தப் பெயரைத்தான் வைக்க எண்ணினார்கள். நிறுவனம் மறுத்து 'பாரனாய்ட்' என்று மாற்றியது. அட்டையில் வாளும் கேடயமுமாகப் பாய்ந்து வரும் ஆள் பழைய தலைப்புக்காகப் படம் பிடிக்கப்பட்டவர். தலைப்பு போனது, ஆள் மட்டும் காரணமில்லாமல் நிற்கிறார். 'பாரனாய்ட்' பாடலோ, இசைத்தட்டில் சில நிமிடங்கள் குறைகின்றன என்று அவசரமாக இட்டு நிரப்பிய துண்டு. அதுவே அவர்களின் மிகப் பெரிய வெற்றிப் பாடலாகி நான்காம் இடம் பிடித்தது.

பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். பின்னால் வந்த மெட்டல் குழுக்களின் தாளக்காரர்கள் ஆணி அடிப்பதுபோல் நேராக அடித்தார்கள்; இவர் அடியில் ஓர் ஊஞ்சலாட்டம் உண்டு. மெதுவான பாடல் இழுவையாகாமல் இருப்பதற்கு அந்த ஆட்டமே காரணம். நால்வரில் மிகக் குறைவாகப் பாராட்டப்பட்டவர் அவர்தான் என்பது என் கருத்து.

படிவம் 16, ஓசூர்:

இசை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆலைகளின் விபத்துக் கோப்புகளைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் ஒரு குறிப்பு மட்டும்.

நம் நாட்டில் 2025 வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், எந்த விரலில் எவ்வளவு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்று வரிசையாக இருந்தது. எலும்பு சேதமில்லாமல் நுனி மட்டும் போனால் நடுவிரலுக்கு 4, மோதிரவிரலுக்கு 2. ஒரு கணு முழுவதும் போனால் நடுவிரலுக்கு 7, மோதிரவிரலுக்கு 5. இடக்கையா வலக்கையா என்ற வேறுபாட்டை அந்த அட்டவணை பார்த்ததில்லை. அயோமி இங்கே, ஓசூரில் வேலை பார்த்திருந்தால், அதிகம் போனால் 12 சதவீதக் கணக்கில் கோப்பு முடிந்திருக்கும். அவர் கிதார் வாசிப்பவர், அதுவும் அந்தக் கையால்தான் தந்தியைப் பிடிப்பவர் என்பதற்கு அட்டவணையில் கட்டம் இருந்ததில்லை.

இன்னொன்று. இரு கைகளாலும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால்தான் ரேம், அதாவது பிரஸ்ஸின் அழுத்தும் பகுதி, இறங்கும் என்ற அமைப்பு இருந்திருந்தால் அந்த விபத்து நடந்திருக்காது. விபத்தினால் இசை பிறந்தது என்று பாதுகாப்பு வாரத்தில் சொல்வது எனக்கும் உறுத்துகிறது. தொழிலாளர்கள் தவறான பாடத்தை எடுத்துக்கொள்ளக்கூடும்.

டூல்ரூம்காரன், ஓசூர்:

ஐயா சொன்ன அந்த இரட்டைப் பொத்தானில் ஒன்றை டேப் சுற்றி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டு, ஒரு கையால் ஓட்டும் வழக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை ஏற வேண்டும் என்ற அவசரம்தான் காரணம். அதனால் உங்கள் உறுத்தல் புரிகிறது.

ஆறாம் தந்தி அவர்களின் விளக்கத்துக்குப் பின் முதல் மூன்று இசைத்தட்டுகளையும் வரிசையாகக் கேட்டேன். மூன்றாவதில் ஓசை சட்டென்று கீழே இறங்குவது காதுக்கே தெரிகிறது. ஓசி போன பிறகு குழு என்ன ஆனது என்பதையும் யாராவது எழுத வேண்டும். டியோ, டோனி மார்ட்டின் என்று பல பெயர்கள் கண்ணில் படுகின்றன. யார் எப்போது பாடினார்கள் என்பதே குழப்பமாக இருக்கிறது.

இரவு ஷிஃப்ட், பாலக்கோடு:

குழப்பமே வேண்டாம் நண்பரே. 1970-இலிருந்து 1975 வரை வந்த ஆறு இசைத்தட்டுகளைக் கேளுங்கள். 'சபோடாஜ்' உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பிறகு வந்தவை பெயர்ப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு நடத்திய கடை. ஓசி இல்லாத பிளாக் சப்பாத்தை நான் பிளாக் சப்பாத் என்றே ஒப்புக்கொள்வதில்லை.

பழைய கேசட், தருமபுரி:

பாலக்கோட்டு நண்பரின் தீர்ப்பு கடுமையானது, பாதி சரி.

எழுபதுகளின் நடுவில் குழு உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கியிருந்தது. போதைப் பொருள் ஒரு பக்கம், மேலாளருடன் பண வழக்கு ஒரு பக்கம். 'சபோடாஜ்' பதிவான நாட்களில் வழக்கறிஞர்களும் ஸ்டுடியோவுக்கு வந்துபோனார்கள். நாசவேலை என்று பொருள்படும் அந்தத் தலைப்பே அந்தக் கோபத்தில் வைத்தது. அதற்கடுத்த இரண்டு இசைத்தட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1979-இல் ஓசியை நீக்கினார்கள். அவருக்கு மிக நெருக்கமான பில் வார்டிடமே அந்தச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு வந்து விழுந்தது.

அவர் இடத்துக்கு வந்தவர் அமெரிக்கரான ரோனி ஜேம்ஸ் டியோ. ரெயின்போ குழுவில் பாடியவர். 1980-இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' இசைத்தட்டை, பாலக்கோட்டு நண்பர் கோபித்துக்கொண்டாலும், நான் முதல் மூன்றுக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். ஓசி பாடும்போது பல இடங்களில் கிதார் போகும் பாதையிலேயே குரலும் போகும். 'அயர்ன் மேன்' பாடலைக் கவனித்தால் தெரியும். டியோ கிதாருக்குக் குறுக்கே, தனக்கென ஒரு மெட்டை அமைத்துப் பாடினார். அதனால் அயோமியும் வேறு விதமான கோவைகளைக் கட்ட வேண்டியதாயிற்று. மெட்டல் ரசிகர்கள் கொம்புபோல் இரண்டு விரலை உயர்த்தும் சைகையைப் பரப்பியவரும் இவர்தான். கண்ணேறு கழிக்கத் தம் இத்தாலியப் பாட்டி செய்வது என்பார். நம் பாட்டிமார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் சாத்தான் ஒன்றும் தெரியாது.

'மாப் ரூல்ஸ்' 1981-இல் வந்தது. அடுத்த ஆண்டு மேடைப் பதிவு ஒன்றின் ஒலிக்கலவை பற்றிய சண்டையில் டியோ விலகினார். 1983-இல் டீப் பர்ப்பிள் பாடகர் இயன் கில்லன் வந்து 'பார்ன் அகெயின்' செய்தார். அந்தப் பயணத்துக்காக ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைப்போல் மேடை அமைப்புச் செய்யச் சொன்னார்கள். அடியில் கொடுக்க வேண்டிய அளவு மீட்டரில் போய்ச் சேர்ந்ததால், எந்த அரங்கிலும் முழுமையாக நிறுத்த முடியாத அளவுக்குக் கற்கள் வளர்ந்து வந்து இறங்கின என்று குழுவினரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். டிராயிங்கில் அளவு அலகைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பதை டூல் ரூமில் இருப்பவருக்கு நான் சொன்னால் நன்றாக இருக்காது.

அதன்பின் அயோமி மட்டும் மிஞ்சினார். 1986-இல் வந்த 'செவன்த் ஸ்டார்' அவர் தம் தனி இசைத்தட்டாகச் செய்தது. நிறுவனத்தின் வற்புறுத்தலால் குழுவின் பெயரைத் தாங்கி வந்தது. பாலக்கோட்டு நண்பர் சொன்ன பெயர்ப்பலகைக் குற்றச்சாட்டு இங்கே பொருந்தும். ஆனால் அடுத்து வந்த பர்மிங்காம்காரர் டோனி மார்ட்டினை அந்தக் கணக்கில் சேர்ப்பது அநியாயம். 1987-இலிருந்து 1995 வரை ஐந்து இசைத்தட்டுகளில் பாடினார். இடையில் 1992-இல் டியோ 'டீஹியூமனைசர்' செய்ய ஒரு முறை திரும்பி வந்ததும் உண்டு. மார்ட்டினின் குரலில் 1989-இல் வந்த 'ஹெட்லெஸ் கிராஸ்' எந்தக் குழுவின் பெயரில் வந்திருந்தாலும் நிற்கக்கூடியது. இந்தக் காலத்து இசைத்தட்டுகள் நெடுநாள் கடையில் கிடைக்காமலே இருந்தன. 2024-இல்தான் அவற்றில் நான்கை ஒரே பெட்டியாக மறுபடி வெளியிட்டார்கள்.

1997 டிசம்பரில் பர்மிங்காமில் பழைய நால்வரும் மேடையேறினார்கள். டியோவுடன் அயோமியும் கீசரும் 2006 முதல் ஹெவன் அண்ட் ஹெல் என்ற பெயரிலேயே தனியாக இயங்கினார்கள். 2010 மே மாதம் டியோ புற்றுநோயால் காலமானதோடு அது முடிந்தது. 2011 நவம்பர் 11 அன்று நால்வரும் மீண்டும் சேர்வதாக அறிவித்தார்கள். சில வாரங்களில் அயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது. ஒப்பந்தத் தகராறில் பில் வார்ட் விலகினார். சிகிச்சைக்கு இடையே செய்த '13' என்ற இசைத்தட்டு 2013 ஜூனில் வெளிவந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 'பாரனாய்ட்' முதலிடம் பிடித்து ஏறக்குறைய 43 ஆண்டுகளுக்குப் பிறகு. தாளத்துக்கு அமெரிக்கரான பிராட் வில்க் வந்தார். நன்றாகவே வாசித்தார், ஆனால் வார்டின் ஊஞ்சல் அதில் இல்லை.

2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் விடைபெறும் பயணத்தின் கடைசிக் கச்சேரி நடந்தது. அதிலும் வார்ட் இல்லை. அந்தக் குறை 2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் தீர்ந்தது. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓசி நாற்காலியில் அமர்ந்தபடி பாடினார். நால்வரும் சேர்ந்து நான்கு பாடல்கள் வாசித்தார்கள். வருவாய் பார்க்கின்சன் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் அறிவிக்கப்பட்டது. ஜூலை 22 அன்று, 76 வயதில், ஓசி காலமானார்.

ஆலை நகரம் என்பதால் இந்த ஒரு குழுவோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வெஸ்ட் பிராம்விச்சில் உருவான ஜூடாஸ் பிரீஸ்ட் 1980-இல் தன் இசைத்தட்டுக்கு 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்றே பெயர் வைத்தது. அதன் கிதார் கலைஞர் கிளென் டிப்டன் அதே பெயருள்ள எஃகு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அங்கே எல்லார் விரலும் முழுதாகத்தான் இருந்தது.

ஆறாம் தந்தி, கிருஷ்ணகிரி:

டூல்ரூம்காரருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு, ஏனென்றால் அடுத்து நீங்கள் இதைத்தான் செய்யப் போகிறீர்கள். முதல் இரண்டு இசைத்தட்டுகளின் பாடல்களை வழக்கமான சுருதியிலேயே பழகுங்கள்; 'அயர்ன் மேன்', 'பாரனாய்ட்' இரண்டும் தொடக்கக்காரருக்கு எட்டக்கூடியவை. மெல்லிய தந்திக் கட்டே போதும். கனமான ஓசைக்குக் கனமான தந்தி வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், மெட்டல் இசையின் முதல் கிதார் கலைஞர் மெல்லிய தந்தியில்தான் வாசித்தார் என்று சொல்லுங்கள். மூன்றாம் இசைத்தட்டுக்கு வரும்போது ஆறு தந்திகளையும் மூன்று அரைச்சுரம் இறக்க வேண்டும். அப்போது ஆறாம் தந்தி ஈ-யிலிருந்து சி ஷார்ப்புக்கு வரும். மெல்லிய தந்தி அந்த அளவுக்குத் தளர்ந்தால் கொஞ்சம் அழுத்தினாலும் சுரம் விலகும். விரலைப் பார்க்காமல் காதை நம்பி அழுத்திப் பழகுங்கள். முதலில் 'இன்டு தி வாய்ட்' பாடலின் மெதுவான முன்பகுதியை எடுத்துக்கொண்டால் இது விரைவில் கைவரும்.